நிர்ப்பீடனத்துக்குக் கொடுத்த விலை
யாழ்ப்பாண வைத்திய வரலாறு – அத்தியாயம் 14

சென்ற அத்தியாயங்களில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் நடத்திய வைத்தியப் பள்ளியைப் பார்த்தோம். 1850இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் தொடங்கி, இன்று போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கும் ஆஸ்பத்திரியின் ஆரம்பத்தையும் பார்த்தோம். அவை நோய் வந்த பிறகு மனிதர் செய்தவற்றின் வரலாறு. நோய்க்கு எதிராக உடம்பு தானே நிற்கும் ஆற்றலுக்கும், பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று சொல்லும் அந்த ஆற்றலுக்கும், ஒரு வரலாறு உண்டு. அதை எழுதாமல் இந்தத் தொடர் முழுமை பெறாது. அதைத் தொட்டவுடன் நம் ஊரில் வேரூன்றிய ஒரு நம்பிக்கை எதிரே வந்து நிற்கிறது. அந்தக் காலத்து உடம்பு வேறு, ஊசியும் குளிசையும் இல்லாமலே பாட்டன் பூட்டன் தொண்ணூறு வயதுவரை தோட்டம் கொத்தினார்கள், மருந்துதான் நம் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிட்டது என்பது அந்த நம்பிக்கை. அதில் ஒரு பாதி உண்மை. முன்னோரில் பலருக்கு வலுவான நிர்ப்பீடனம் இருந்தது. ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. அதற்குரிய விலையைக் குழந்தைகள் உயிராகக் கொடுத்தார்கள். அந்த விலையைக் குழந்தைகளிடமிருந்து எடுத்துச் சமூகம் தன் தலையில் சுமந்துகொண்டபோதுதான் இந்த மண்ணில் மனித ஆயுள் நீண்டது. இதுவே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1935இல் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. அது கொள்ளைநோய் ஆண்டு என்று ஒதுக்கிவிடலாம். கொள்ளைநோய் இல்லாத 1946இலும் அந்த எண்ணிக்கை 141. நாலு குழந்தை பெற்ற தாய் ஒன்றையாவது புதைக்காமல் இருந்தால் அது பாக்கியம் என்று கருதப்பட்ட காலம் அது. 1920களின் தொடக்கத்தில் இலங்கையரின் சராசரி ஆயுள் முப்பதை ஒட்டியே இருந்தது. முப்பது வயதில் எல்லாரும் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மிகப் பலர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். அந்த வாசலைத் தாண்டியவர்களில் சிலர் எழுபதும் எண்பதும் கண்டார்கள். நம் நினைவில் நிற்கும் பாட்டன் அப்படித் தாண்டியவர்களில் ஒருவர். அவரோடு பிறந்து, பெயர் வைக்குமுன்னே போன தம்பி தங்கையரை எந்தக் குடும்பப் படமும் காட்டுவதில்லை. பிழைத்தவரை மட்டும் வைத்து ஒரு காலத்தின் உடல்வலுவை அளந்தால் அளவு பிழைத்துப்போகும்.

அம்மாள் வருத்தம் என்று நம் மக்கள் அஞ்சி வணங்கிய பெரியம்மை இதற்குத் தெளிவான சான்று. ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மறுபடி வருவது மிக அரிது என்பது வைத்தியர் வருமுன்பே ஊருக்குத் தெரியும். முகத்தில் தழும்பு உள்ளவர்களே நோயாளியின் பக்கத்தில் வேப்பிலையோடு இருந்து பார்த்தார்கள். அனுபவத்தில் பிறந்த நல்ல அறிவு அது. ஆனால் அந்தத் தழும்பைப் பெறும் வழியில் எத்தனையோ பேர் கண்ணை இழந்தார்கள், இன்னும் எத்தனையோ பேர் உயிரை இழந்தார்கள். பிரித்தானியர் கரையோரங்களைப் பிடித்த சில ஆண்டுகளுக்குள் கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அம்மை நோயாளருக்கு ஆஸ்பத்திரிகள் அமைந்தன. 1796இல் எட்வேர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் ஒரு சிறுவனுக்கு மாட்டம்மைப் பாலைக் குத்தி, அதனால் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆறே ஆண்டுகளில், 1802 யூன் 14 அன்று, பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதே பால் குத்தப்பட்டது. அதே ஆண்டில் அது இலங்கைக்கும் வந்தது. அப்போது இலங்கையில் வைத்தியப் பொறுப்பில் இருந்த தோமஸ் கிறிஸ்ரி, தடுப்பு முறை வருமுன் இத்தீவில் பெரியம்மை செய்த அழிவைப் பற்றி 1811இல் ஒரு தனி நூலே வெளியிட்டார்.

அம்மை குத்துவதை மக்கள் உடனே ஏற்கவில்லை. தெய்வத்தின் செயலில் குறுக்கிடுவது குற்றம் என்ற அச்சம் ஒருபக்கம். ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலை இன்னொரு குழந்தையின் கையில் குத்தும் பழைய முறையின் அருவருப்பு மறுபக்கம். இரண்டாவது மறுப்பில் நியாயம் இருந்தது. அந்த முறையால் வேறு நோய்கள் தொற்றவும் வழியிருந்தது. அரசாங்கம் 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. மக்கள் விரும்பியதால் எழுந்த சட்டமன்று அது. மேலிருந்து வந்த கட்டளை. அதற்காக அதன் பலனை மறுக்க முடியாது. தழும்பு பெறாமலே தழும்பு உள்ளவரின் பாதுகாப்பைப் பெறும் வழி அன்றுதான் எளிய குடும்பத்துக் குழந்தைக்கும் திறந்தது. உயிரைப் பணயம் வைத்து ஒரு தலைமுறை பெற்றதை, கையில் ஒரு சிறு புண்ணோடு அடுத்த தலைமுறை பெற்றது. தடுப்பூசியின் நியாயம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

இப்படிப் பெற்ற பாதுகாப்பு முதுமைவரை நிற்குமா? இந்தக் கேள்விக்கு உலகில் முதலில் கிடைத்த உறுதியான விடைகளுள் ஒன்று, வட அத்திலாந்திக்கில் உள்ள பாரோ தீவுகளிலிருந்து வந்தது. அங்கே 1781இல் சின்னமுத்து பரவி ஓய்ந்தது. பிறகு அறுபத்தைந்து ஆண்டுகள் அந்த நோய் அத்தீவுகளில் தலைகாட்டவில்லை. 1846இல் கப்பலில் வந்த ஒருவரோடு அது மறுபடி நுழைந்தது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் வைத்தியர் பீற்றர் லுட்விக் பானும் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். 1781இல் சின்னமுத்துக் கண்ட முதியவர்களில் ஒருவருக்கும் அது மறுபடி வரவில்லை. அன்று அதைத் தவறவிட்ட முதியவர்களுக்கு இப்போது வந்தது. சிறுவயதில் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அறுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் மறக்கவில்லை. வயது முதிர்ந்தவர் என்பதால் மட்டும் யாருக்கும் பாதுகாப்பு வந்துவிடவும் இல்லை. நிர்ப்பீடனத்தையும் முதுமையையும் சேர்த்து ஆராயும் இன்றைய அறிவியல் இந்த இரண்டு உண்மைகளின் மேல்தான் நிற்கிறது.

எல்லா நோயும் சின்னமுத்தைப் போல ஒரே தரத்தில் பாடம் கற்பித்துவிட்டுப் போவதில்லை. மலேரியா அப்படிப்பட்டதன்று. 1934இன் இறுதியில் தொடங்கி 1935 முழுவதும் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளை இதைப் பெரும் துயரத்தோடு காட்டியது. அதற்கு முந்திய சில ஆண்டுகள் மழை நன்றாகப் பெய்தது. ஆறுகள் நிறைந்து ஓடியதால் நுளம்பு பெருக இடம் குறைந்தது. நோய் கண்டிராத குழந்தைகள் ஒரு தலைமுறையாக வளர்ந்தார்கள். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தெளிந்த குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பு பெருகியது. 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பகுதிகளில் அடி பலமாக விழுந்தது. எப்போதும் மலேரியா குடியிருந்த வறண்ட வலயம் அந்த அளவுக்கு அழியவில்லை. அங்கே வளர்ந்தவர்களுக்கு ஓரளவு நிர்ப்பீடனம் இருந்தது. ஈரவலயத்து ஓரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இருக்கவில்லை. இறந்தோரில் குழந்தைகளும் முதியோருமே அதிகம். பாடம் இன்னும் படிக்காத உடம்பையும், படித்ததைப் பயன்படுத்தும் வலுவிழந்த உடம்பையும் நோய் ஒன்றாகத் தாக்கியது.

வறண்ட வலயத்தாரின் அந்த நிர்ப்பீடனத்தைப் புகழ்வோர் அதன் வரவு செலவையும் பார்க்க வேண்டும். மலேரியா ஓயாத இடத்தில் பிறந்த குழந்தை பால்குடி மாறுமுன்பே காய்ச்சலில் விழும். ஆண்டுதோறும் பலமுறை விழும். மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். இரத்தம் வற்றி உதடு வெளுக்கும். அக்காலத்து வைத்தியர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல்களை எண்ணியே ஓர் ஊரின் மலேரியாவை அளந்தார்கள். அப்படிப் பல ஆண்டு துன்பப்பட்டுப் பிழைத்தவருக்குத்தான் அந்த எதிர்ப்பு கைகூடியது. அதுவும் நோயை முற்றாகத் தடுக்காது; உயிரைக் கொல்லாத அளவில் வைத்திருக்கும். தொடர்ந்து நுளம்பு கடிக்காவிட்டால் அதுவும் தேய்ந்துவிடும். ஆறில்லாத சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்கள் மலேரியா ஓயாத வன்னிக்கு வேளாண்மைக்குப் போக அஞ்சியதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கிய காரணம். அங்கே இரணைமடுக் குளம் நீர் தந்தது. காய்ச்சல் குடியேறியவரைத் துரத்தியது.

மலேரியாவுக்கு எதிராக உடம்பு எப்படிக் கற்கிறது என்பதை இலங்கையர் சிலர் தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியை கமினி மென்டிஸ், பிரித்தானியரான றிச்சர்ட் காட்டர் முதலியோருடன் 1987இல் ஓர் அரிய உண்மையை வெளியிட்டார். வைவாக்ஸ் வகை மலேரியா கண்டவரின் இரத்தத்தில் நோய்க்கு எதிராக உண்டாகும் பிறபொருளெதிரிகள் என்ற புரதங்கள், அந்த இரத்தத்தைக் குடித்த நுளம்பின் வயிற்றுக்குள்ளேயே ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்பது அது. அதாவது நோயாளியின் நிர்ப்பீடனம் அயலவரையும் காக்கலாம். அதே ஆண்டில் நிர்ப்பீடனவியலாளர் ரஞ்சன் ராமசாமி, மலேரியா ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்துக்குள் நுழையும் கட்டத்தில் அதன் மேற்பரப்பில் காணப்படும் ஒரு புரதத்தை இனங்கண்டு எழுதினார். மந்திரி ராமசாமியோடு சேர்ந்து 1990இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் துணிவானது. நுளம்பின் உடலுக்கே எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்கினால், அது ஒட்டுண்ணி நுளம்பில் தொற்றுவதைப் பாதிக்குமா என்று எலி மலேரியாவை வைத்து அது சோதித்தது. 1994இல் அவரும் கூட்டாளிகளும் வறண்ட வலயத்து மக்களின் இரத்தத்தில் காணும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு அவ்விடத்து மலேரியாப் பரவலை அளக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். வயிற்றைத் தடவி மண்ணீரலை எண்ணிய காலத்திலிருந்து, ஒரு துளி இரத்தத்தில் உடம்பின் பழைய போர்களை வாசிக்கும் காலத்துக்கு ஆய்வு வந்துவிட்டது.

வயது இதில் எங்கே வருகிறது என்பதற்கு இந்தோனேசியாவிலிருந்து நல்ல சான்று உண்டு. மலேரியா குறைந்த ஜாவாவிலிருந்து, மலேரியா மிகுந்த பப்புவாவுக்கு அரசு குடும்பங்களைக் குடியேற்றியது. கெவின் பெயாட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிசெய்தோரும் 1980களின் பிற்பகுதியிலிருந்து அவர்களைக் கவனித்தார்கள். ஒரே நாளில், ஒரே நுளம்புக் கூட்டத்தின் நடுவே வந்திறங்கியவர்களில், ஓரிரு ஆண்டுகளுக்குள் பெரியவர்களுக்கு எதிர்ப்பு வந்தது. குழந்தைகளுக்கு அவ்வளவு விரைவில் வரவில்லை. ஆகவே நிர்ப்பீடனம் எத்தனை தரம் நோய் கண்டோம் என்பதை மட்டும் பொறுத்ததன்று. எந்த வயதில் கண்டோம் என்பதையும் பொறுத்தது. ஆனால் முதன்முதலாக நோயைச் சந்திக்கும் வேளையில் பெரியவர்களுக்கே அது கடுமையாகவும் முடியலாம் என்றும் அந்த ஆய்வுகள் எச்சரித்தன. வயது ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது.

இனி முதல் எதிர்வாதம். இலங்கையின் ஆயுள் நீண்டதற்கு நோய்த்தடுப்புக் காரணமில்லை, சோறும் சுகவாழ்வும்தான் காரணம் என்று சிலர் சொல்வர். இது வெறும் பேச்சன்று. அறிஞர்களே பல ஆண்டுகள் இதைப் பற்றி வாதிட்டார்கள். 1946இல் மலேரியா நுளம்பைக் கொல்ல வீடுகளின் உட்சுவர்களுக்கு டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியைத் தெளிப்பது நாடளாவ விரிந்தது. ஆயிரம் பேருக்கு 20.3 என்றிருந்த இறப்பு வீதம் ஒரே ஆண்டில், 1947இல், 14.3 ஆகியது. குழந்தை இறப்பு 141இலிருந்து 101க்கு இறங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் ஏறத்தாழ 42 வீதத்தை மலேரியாக் கட்டுப்பாட்டுக்குக் கணக்கு வைத்தார் பீற்றர் நியூமன். றொனல்ட் கிறே அதை 23 வீதம் என்றார். எஸ்.ஏ. மீகம போன்றோர் சுகாதார சேவையின் வளர்ச்சியையும் உணவையும் முன்வைத்தார்கள். மலேரியா குறைந்த மாவட்டங்களிலும் இறப்பு குறைந்ததைச் சுட்டினார்கள். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். கிராம ஆஸ்பத்திரிகள், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள், பங்கீட்டு அரிசி, பெனிசிலின், பெண்கல்வி எல்லாம் சேர்ந்துதான் அந்த மாற்றத்தைச் செய்தன. ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். அதில் ஒன்றுகூடத் தனி மனிதரின் பரம்பரை உடல்வலு அன்று. எல்லாம் பொதுப்பணத்தில், பொது முடிவில் வந்தவை. மிகக் குறைந்த மதிப்பீட்டை எடுத்தாலும், ஐந்திலொரு பங்குக்கு மேல் ஒரே ஒரு நோயைச் சமூகம் கட்டுப்படுத்தியதால் வந்தது. எதிர்வாதம் என் வாதத்தை உறுதிப்படுத்தவே செய்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. நோயை ஒழித்தால் நிர்ப்பீடனமும் ஒழியும். பிறகு நோய் திரும்பினால் அழிவு பெரிதாகும் என்பது. வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது. 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேர். அவர்களில் 11 பேர் வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். வெற்றி கிடைத்துவிட்டது என்று தெளிப்பை நிறுத்தினார்கள், காவல் தளர்ந்தது. 1967க்குப் பிறகு நோய் திரும்பியது. 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுத்தார்கள். இதிலிருந்து நோயோடு வாழ்ந்து எதிர்ப்பைக் காப்பதே நல்லது என்று முடிவு கட்டுவது தவறு. அப்படி வாழ்வது என்றால் ஆண்டுதோறும் வன்னிக் குழந்தைகளைப் பலியிடுவது என்று பொருள். காவலைக் கைவிடாமல் இருப்பதே அந்த வரலாறு தரும் பாடம். பல பத்தாண்டு உழைப்புக்குப் பின், உள்நாட்டுப் போரின் அழிவுகளையும் தாண்டி, உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரில் பதிவாகியது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இன்று நம் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு மலேரியா நிர்ப்பீடனம் இல்லை. அது அவர்களின் பாக்கியம், நம் பொறுப்பும்கூட. ஏனென்றால் அந்தச் சான்றிதழ் வந்த சில மாதங்களிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரீபன்சி என்ற நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் சின்னத்தம்பி சுரேந்திரனும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். வற்றாத வீட்டுக் கிணறு நம் வாழ்வின் ஆதாரம். அதுவே இந்த நுளம்புக்கும் வாய்த்த இடமாகிவிட்டது. கிணற்றில் நுளம்புக் குடம்பியைத் தின்னும் மீன் விடுவதும், பாவனையில்லாத கிணற்றை வலையால் மூடுவதும் சாதாரண வேலைகளாகத் தோன்றலாம். இன்று நிர்ப்பீடனம் இல்லாத ஒரு தலைமுறையைச் சுற்றி நாம் போடக்கூடிய வேலி அவைதான்.

நிர்ப்பீடனம் எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணத்தை டெங்கு உடைத்தது. டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒரு வகையால் காய்ச்சல் கண்டவருக்கு அந்த வகையிடமிருந்து நீண்ட பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் பிறகு வேறொரு வகை தொற்றும்போது, பழைய பிறபொருளெதிரிகளே வைரசு கலங்களுக்குள் நுழையத் துணைபோய் நோயைக் கடுமையாக்கக்கூடும் என்பதைத் தாய்லாந்து அனுபவத்திலிருந்து ஸ்கொட் ஹால்ஸ்டெட் முதலியோர் காட்டினார்கள். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவாகியது. குடாநாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ரஞ்சன் ராமசாமியும் சுரேந்திரனும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கடலோரக் குடியிருப்புகளில் பாவனையற்ற கிணறுகளிலும், கைவிட்ட வள்ளங்களிலும், எறிந்த பிளாஸ்ரிக் பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரில் அது வளர்வதைக் காட்டியது. கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ நாற்பது வீதம் உள்ள நீரிலும் அதன் குடம்பி இருந்தது. குருநகரின் உவர்நீரில் பிடித்த நுளம்புகளையும் திருநெல்வேலியின் நன்னீரில் பிடித்தவற்றையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, உப்பைத் தாங்கும் தன்மை அடுத்த தலைமுறைக்கும் போவதைக் காட்டியது. வாழ்நாளின் பெரும்பகுதியை மனித உடம்பின் பாதுகாப்பை ஆராய்வதில் செலவிட்ட ஒரு நிர்ப்பீடனவியலாளர் குருநகர்க் கரையில் நுளம்புக் குடம்பிகளை நோக்கித் திரும்பியது தற்செயலன்று. உடம்பின் காவல் தவறக்கூடிய இடத்தில் ஊரின் காவல் தொடங்க வேண்டும்.

இனி முதுமைக்கு வருவோம். நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியின் பயன் 1961வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து அதை அகற்றிய ஜாக் மில்லர், அவற்றால் நோயை எதிர்க்க முடியாமற் போவதைக் கண்டார். புதிய பகைவரை அடையாளம் காணும் ரி-கலங்கள் தேர்ச்சி பெறுவது அங்கேதான். அந்தச் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. இதனால் பழைய நோய்களின் நினைவு உள்ள கலங்கள் மிஞ்சும். புதிய நோயைக் கற்கும் கலங்கள் அருகும். அமெரிக்க ஆய்வாளர் றோய் வோல்போர்ட் 1969இலேயே, நிர்ப்பீடனத்தின் சீர்கேடே முதுமைக்கு மூலகாரணம் என்று நூல் எழுதினார். முதுமை முழுவதையும் அந்த ஒன்றில் அடக்கியது மிகை. ஆனால் அவர் திறந்த வழியில் பலர் நடந்தார்கள். முதியவர் உடம்பில் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியே பல முதுமை நோய்களுக்கு வேர் என்று 2000இல் இத்தாலியரான கிளாவுடியோ பிரான்செஸ்கி முன்வைத்தார். பாரோ தீவு முதியவர்கள் சின்னமுத்திலிருந்து தப்பியதற்கும், கொவிட் வந்தபோது முதியவர்கள் முதலில் வீழ்ந்ததற்கும் ஒரே விளக்கம்தான்: அது பழைய பாடம், இது புதிய பாடம். ரஞ்சன் ராமசாமியும் கொவிட் காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும், நோய் நுழையும் வாசலிலேயே, நிர்ப்பீடனம் எப்படி வேலை செய்கிறது என்று எழுதினார்.

வயது போனபின் தடுப்பூசி எதற்கு, கிழ உடம்பு இனி எதைக் கற்கும் என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை அக்கியில் இருக்கிறது. சிறுவயதில் கொப்பளிப்பான் கண்டவரின் நரம்புக் கணுக்களில் அந்த வைரசு ஒளிந்திருந்து, நிர்ப்பீடனம் தளரும் வேளையில் அக்கியாக வெடிக்கிறது. முதலில் வந்த உயிர்வைரசுத் தடுப்பூசி எழுபது வயதைத் தாண்டியவர்களில் 38 வீதமே பயன் தந்தது. கிழ உடம்பு கற்காது என்பவர்கள் சொன்னது சரிபோலத் தோன்றியது. பிறகு, வைரசின் ஒரு புரதத்தோடு நிர்ப்பீடனத்தைத் தட்டி எழுப்பும் துணைப்பொருளையும் சேர்த்து வேறொரு தடுப்பூசி செய்தார்கள். அதே வயதினரில் அதன் பயன் ஏறத்தாழ 90 வீதம். முதிய உடம்பால் கற்க முடியும். கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும்.

நல்ல உணவும் உழைப்பும் நம் நாட்டு வைத்தியமும் போதாவா என்ற கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒடியற்கூழும், முருங்கையிலையும், மீனும் உண்டு, உடம்பு வளைந்து வேலை செய்த வாழ்வு முதுமையின் அழற்சியைக் குறைத்திருக்கும் என்று நம்ப நியாயம் உண்டு. சத்துக்குறைவு நிர்ப்பீடனத்தைக் கெடுக்கும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை. ஆனால் எந்த உணவும் பெரியம்மையைத் தடுத்ததில்லை. எந்தக் கசாயமும் குழந்தைக்குப் போலியோ என்ற இளம்பிள்ளைவாதம் வராமல் காத்ததில்லை. உணவு நிர்ப்பீடனத்துக்கு வலு தரும். எந்தப் பகைவனை எதிர்ப்பது என்று அது கற்பிக்காது. போர் உக்கிரமாக நடந்த 1990களில்கூட, போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாள்களுக்காக யுனிசெப் நடுவில் நிற்க, இரு தரப்பும் துப்பாக்கியை நிறுத்தின. வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் குழந்தையின் நிர்ப்பீடனம் பொதுச்சொத்து என்பதில் ஒத்துப்போயின. இந்த வரலாற்றில் நாம் பெருமையோடு பதிய வேண்டிய செய்தி அது.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், அந்தப் பங்கு தொடர்ந்து ஏறுகிறது. குடாநாட்டில் பிள்ளைகள் கடல் கடந்து போக, பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியவர்கள் எத்தனையோ பேர். குழந்தைகளுக்கான நிர்ப்பீடனத்தைப் பொது வேலையாக்கி நாம் வென்றுவிட்டோம். முதியவர்களுக்கான பாதுகாப்பை இன்னும் அவரவர் பாடு என்றே விட்டிருக்கிறோம். ஏற்புவலி ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்று நம் வீட்டு முதியவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சளிச்சுரத்துக்கும் நியூமோனியாவுக்கும் அக்கிக்கும் எதிரான தடுப்பூசிகள், பணமுள்ளவர் தனியாரிடம் வாங்கும் பொருளாக நின்றுவிடாமல், பொது வைத்தியசாலையின் வேலையாக வேண்டும். நுளம்பு பெருகும் கிணறு அயலவரின் முதுமையையும் தொடுகிறது என்று ஒவ்வொரு வீடும் உணர வேண்டும். பாட்டன் பூட்டனின் நிர்ப்பீடனத்துக்கு அவர்களுடைய தம்பி தங்கையர் விலை கொடுத்தார்கள். நமக்கும் நம் பெற்றோருக்கும் வேண்டியதை அறிவாலும் பொதுப்பணத்தாலும் பெற முடியும். அதைக் கேட்டுப் பெறுவதும், கேட்காதவருக்கு நினைவூட்டுவதும் இதை வாசிக்கும் ஒவ்வொருவரின் கடமை.